கேமரா பார்க்கும், சரி. கப்பலை யார் நிறுத்துவது?

2024 டிசம்பர் 18, மாலை 4 மணி ஆகப்போகிற நேரம். மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபன்டா தீவுக்கு 'நீல்கமல்' என்ற பயணிகள் படகு போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படையின் அதிவேகப் படகு ஒன்று தண்ணீரில் வளைந்து திரும்பி, நேராக வந்து அதன் மேல் மோதியது. மொத்தம் 15 பேர் உயிரிழந்தார்கள். மோதலுக்கு முந்தைய நொடிகளை நீல்கமலில் இருந்த ஒரு பயணி செல்போனில் படம் பிடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் நாடே அந்த வீடியோவைப் பார்த்துவிட்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பகல் வெளிச்சம் இருந்தது. கேமரா இருந்தது. கடைசி நொடி வரை எல்லாம் பதிவும் ஆனது. ஆனால் பதிவானதால் யாரும் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களில் பலரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது அந்த வழியாக வந்த ஒரு துறைமுக பைலட் படகும், மற்ற மீட்புப் படகுகளும்தான்.

இந்த மாதிரி விபத்து நடந்தவுடன் ஒரு யோசனை தவறாமல் மேலே வரும். "துறைமுகம் முழுக்க கேமரா வைத்து, அதைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துவிட்டால் என்ன?" நல்ல யோசனைதான். உலகத்தின் பெரிய துறைமுகங்கள் இந்தத் திசையில்தான் போகின்றன. ஆனால் கேமராவை வாங்குவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அந்தக் கண் யாருக்காகப் பார்க்கப் போகிறது? அது பார்த்ததும் யார் என்ன செய்யப் போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் வாங்கினால், விபத்தை இன்னும் தெளிவான வீடியோவில் பார்க்கலாம். அவ்வளவுதான்.

இப்போது எப்படிப் பார்க்கிறார்கள்?

துறைமுகத்தில் கப்பல் போக்குவரத்தைக் கண்காணிப்பது புதிய விஷயம் இல்லை. 1948லேயே இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் இதற்காக ராடார் வைத்துவிட்டார்கள். இன்று எந்தப் பெரிய துறைமுகத்துக்குப் போனாலும் கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை ஒன்று இருக்கும். அங்கே ராடார் திரை, விஹெச்எஃப் ரேடியோ, ஏஐஎஸ் என மூன்றும் இருக்கும்.

ஏஐஎஸ் என்பது கப்பல் தானாகவே தன் பெயர், இடம், வேகம், திசையை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும் கருவி. ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கப்பல் 2 முதல் 10 நொடிக்கு ஒரு முறை "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லும். வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இது சர்வதேச விதிப்படி கட்டாயம். வெளிநாடு போகும் பயணிகள் கப்பல் என்றால் டன் கணக்கே கிடையாது, எந்த அளவாக இருந்தாலும் வேண்டும்.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஏஐஎஸ்ஸில் ஒரு அடிப்படைப் பலவீனம் உண்டு. கப்பல் சொல்வதைத்தான் அது காட்டும். கருவியை அணைத்துவிட்டால் கப்பல் திரையிலிருந்து மறைந்துவிடும். கருவியை ஏமாற்றவும் முடியும். 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த 20க்கும் மேற்பட்ட கப்பல்களின் ஜிபிஎஸ், அவை ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. தண்ணீரில் மிதக்கும் கப்பல், வரைபடத்தில் ஓடுபாதையில்!

அதைவிடப் பெரிய பலவீனம், சின்னப் படகுகளிடம் இந்தக் கருவியே இல்லை என்பது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவில் 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மீன்பிடிப் படகுகளுக்கு ஏஐஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் நம் கடற்கரையில் இருப்பவை பெரும்பாலும் அதைவிடக் குட்டையான படகுகள். ராடாரில் தெரியாதா என்றால், மரத்திலும் ஃபைபரிலும் செய்த படகு ராடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. கொஞ்சம் அலை அடித்தால் போதும், அலையின் எதிரொலியில் படகு கரைந்துவிடும்.

ஆக, இரும்புக் கப்பல் மூன்று வழியில் தெரிகிறது. ஃபைபர் படகு ஒரு வழியிலும் ஒழுங்காகத் தெரியவில்லை. மோதினால் சாவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேமராவுக்கு வேலை இருப்பது இங்கேதான்.

மூன்று புள்ளிதான் படகு

கேமராவிலிருந்து வரும் படத்தில் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? முதலில் படகு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. அடுத்தடுத்த படங்களில் அதே படகைப் பின்தொடர்கிறது. கேமராவின் உயரமும் கோணமும் தெரிந்திருப்பதால் படகு எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று கணக்குப் போடுகிறது. இரண்டு படகும் இப்படியே போனால் எத்தனை நிமிடத்தில், எவ்வளவு நெருக்கத்தில் சந்திக்கும் என்று சொல்கிறது. ஏஐஎஸ் சொல்வதோடு ஒப்பிட்டு, "இங்கே ஒரு படகு தெரிகிறது, ஆனால் அது தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை" என்று காட்டுகிறது. கடைசியாகச் சொன்னது ராடாரால் அவ்வளவு சுலபமாக முடியாத காரியம்.

இதெல்லாம் விளம்பரப் படத்தில் பார்க்க ஜோராக இருக்கும். நிஜத்தில் எப்படி என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

30 மீட்டர் உயரக் கோபுரத்தில் கேமரா வைத்தால் தொடுவானம் ஏறக்குறைய 19 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அவ்வளவு தூரமும் பார்க்கலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 60 டிகிரி அகலத்தைப் பார்க்கும், 1920 புள்ளி அகலமுள்ள சாதாரண எச்டி கேமராவில் ஒரு டிகிரிக்கு 32 புள்ளிதான் கிடைக்கும். 9 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு 5 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. அதாவது, படத்தில் மூன்றே மூன்று புள்ளி. அலையின் நுரையும் மூன்று புள்ளி. கடற்காகம் பக்கத்தில் பறந்தால் அதுவும் மூன்று புள்ளி.

ஜூம் செய்யலாமே? செய்யலாம். 2 டிகிரி அகலத்துக்குக் குறுக்கினால் அதே படகு கிட்டத்தட்ட 100 புள்ளியாகத் தெரியும். ஆனால் மீதி 58 டிகிரியை அந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை. ஆகவே ஒரு கேமரா போதாது. அகலமாகப் பார்க்க ஒன்று, நெருங்கிப் பார்க்க ஒன்று, ராத்திரிக்கு வெப்பத்தைப் பார்க்கும் கேமரா ஒன்று என்று சேர்த்து வைக்க வேண்டும். அப்படியும் ஜூலை மாத மும்பை மழையில் எல்லாக் கேமராவும் ஒரே மாதிரி வெள்ளைத் திரையைத்தான் காட்டும். அப்போது மறுபடி ராடாரிடம்தான் போக வேண்டும். எனவே "ராடாருக்குப் பதில் கேமரா" என்று யாராவது பேசினால் நம்ப வேண்டாம். கேமரா ராடாரோடு சேர்ந்து வேலை செய்யும் கருவி.

இன்னொரு சிக்கல், பொய் எச்சரிக்கை. ஒரு கேமரா மணிக்கு 10 முறை தப்பாகக் கூவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கேமரா, 8 மணி நேர ஷிப்ட். மொத்தம் 1600 பொய் எச்சரிக்கை. நிமிடத்துக்கு மூன்றுக்கும் மேல்! "புலி வருது, புலி வருது" கதை எல்லோருக்கும் தெரியும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் இரண்டாவது நாளே ஒலியை நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கட்டுமரம் தெரியாத கம்ப்யூட்டர்

கற்றுக்கொடுத்ததை மட்டும்தான் கம்ப்யூட்டர் அடையாளம் காணும். கப்பல்களை அடையாளம் காணக் கற்றுத்தர ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்தும் படத் தொகுப்புகளில் ஒன்று 'சீஷிப்ஸ்'. 2018ல் சீனாவில் வெளியிட்டது. சீனக் கடற்கரையில் இருந்த கண்காணிப்புக் கேமராக்களிலிருந்து எடுத்த 31,455 படங்கள். அதில் ஆறு வகை உண்டு. தாதுக் கப்பல், மொத்தச் சரக்குக் கப்பல், பொதுச் சரக்குக் கப்பல், கன்டெய்னர் கப்பல், மீன்பிடிப் படகு, பயணிகள் கப்பல்.

அந்த ஆறில் கட்டுமரம் கிடையாது. 'கட்டமரான்' என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்ததே தமிழ். ஆனால் அந்தப் படங்களை மட்டும் பார்த்து வளர்ந்த கம்ப்யூட்டருக்குக் கட்டுமரம் என்றால் என்னவென்று தெரியாது. தண்ணீர் மட்டத்தோடு படிந்து கிடக்கும் நாலைந்து மரத்துண்டும், அதன்மேல் ஒரு மனிதரும். இதை அது மிதக்கும் குப்பை என்று ஒதுக்கிவிடலாம், அல்லது பார்க்காமலே விட்டுவிடலாம். சீனப் படகைப் பார்த்துப் பழகியது மும்பை கோலி மீனவர்களின் படகையும், எண்ணூர் ஃபைபர் படகையும் அதே துல்லியத்தோடு அடையாளம் காணும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இது அந்த ஆராய்ச்சியாளர்களின் குற்றம் இல்லை. அவர்கள் தங்கள் கடற்கரையைப் படம் எடுத்தார்கள். நம் கடற்கரையை நாம்தான் படம் எடுக்க வேண்டும். "98 சதவீதம் துல்லியம்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்தக் கடலில்? எந்தப் படகுக்கு?" என்பதுதான். 100 கப்பலில் 98ஐக் கண்டுபிடித்து, விட்டுப்போன இரண்டும் சின்னப் படகாக இருந்தால், அந்த 98ஆல் யாருக்கு லாபம்? அந்த 98ம் ஏஐஎஸ்ஸிலேயே தெரிந்தவை.

மும்பை பார்த்தது, மூன்று முறையும்

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வரலாம். கேமரா எல்லாவற்றையும் சரியாகவே பார்த்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு?

மும்பைத் துறைமுகத்தின் கதையையே எடுங்கள். 2008 நவம்பர் 26 இரவு, பத்துப் பயங்கரவாதிகள் ரப்பர் படகில் வந்து கொலாபாவில் மீனவர் குடியிருப்புப் பக்கம் கரையேறினார்கள். அங்கிருந்த மீனவர்கள் கண்ணில் அவர்கள் பட்டார்கள். யார் நீங்கள் என்று கேட்கவும் செய்தார்கள். பார்த்த கண்ணுக்கும் நடவடிக்கை எடுக்கும் கைக்கும் நடுவில் நேரத்தோடு பாலம் அமையவில்லை. தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் கண்காணிப்புக்காக முதல் கட்டத்தில் மட்டும் 46 இடங்களில் ராடாரும் கேமராவும் நிறுவப்பட்டன. கண்கள் கூடின.

2010 ஆகஸ்ட் 7. ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலிருந்து வெளியே போன எம்எஸ்சி சித்ரா என்ற கன்டெய்னர் கப்பலும், மும்பைக்குள் வந்துகொண்டிருந்த கலீஜியா 3 என்ற கப்பலும் மோதிக்கொண்டன. ராத்திரி இல்லை, காலை நேரம். இரண்டும் சின்னப் படகு இல்லை, ராடாரிலும் ஏஐஎஸ்ஸிலும் வெறுங்கண்ணிலும் தெரியும் ராட்சதக் கப்பல்கள். கன்டெய்னர்கள் கடலில் மிதந்தன, எண்ணெய் கொட்டியது, இரண்டு துறைமுகங்களும் சில நாட்கள் முடங்கின. பார்க்க முடியாததால் நடந்த விபத்து இல்லை இது. 2017 ஜனவரி 28 விடிவதற்கு முன் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதும் இதே ரகம்தான். அங்கே சென்னைக் கடற்கரையில் மக்கள் வாளியால் எண்ணெய்ச் சேற்றை அள்ளினார்கள்.

மூன்றாவது, 2024 நீல்கமல். செல்போனே பார்த்துவிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குக் கப்பலைத் திருப்பும் அதிகாரம் பொதுவாகக் கிடையாது. தகவல் சொல்லலாம், எச்சரிக்கலாம், அறிவுறுத்தலாம். சுக்கானைத் திருப்புவது கப்பலில் இருப்பவர்கள்தான். பொறுப்பும் கடைசியில் கேப்டனுக்குத்தான். அதுவும் பெரிய கப்பலைப் பிரேக் போட்டு நிறுத்த முடியாது. நிற்பதற்குள் கிலோமீட்டர் கணக்கில் போய்விடும். எனவே எச்சரிக்கை நொடிகளில் வந்தால் பயன் இல்லை, நிமிடங்களுக்கு முன்னால் வர வேண்டும். வந்தால் மட்டும் போதாது, சரியான காதில் விழ வேண்டும்.

பால்டிமோர் சொல்லும் பாடம்

சரியான காது என்றால் என்ன என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கொடூரமான உதாரணம் இருக்கிறது. 2024 மார்ச் 26 அதிகாலை 1.30 மணி வாக்கில் 'டாலி' என்ற கன்டெய்னர் கப்பல், மின்சாரம் போய்க் கட்டுப்பாட்டை இழந்து, பால்டிமோர் துறைமுகத்தின் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தில் மோதியது. பாலம் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது.

மோதுவதற்கு முன் கப்பலில் இருந்த பைலட் அபாயத்தைத் தெரிவித்தார். தகவல் போலீஸுக்குப் போனது. பாலத்தின் இரண்டு பக்கமும் காவலர்கள் வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்குள். அதனால் பாலத்தைக் கடக்க வந்தவர்களின் வாகனம் ஒன்றுகூட பாலத்தோடு சேர்ந்து விழவில்லை. தகவல் சரியான காதில் விழுந்தால் ஒன்றரை நிமிடமும் பெரிய நேரம்தான்.

ஆனால் பாலத்தின் மேல் சாலைப் பள்ளங்களைச் சரிசெய்துகொண்டிருந்த குழுவுக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. மேலே இருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் இறந்தார்கள். கார் ஓட்டுபவர்களைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. கூலி வேலை செய்பவர்களின் காதுக்குப் போக வழி இல்லை. இங்கே இன்னும் பத்துக் கேமரா இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஒரு ஃபோன் நம்பர் மாற்றியிருக்கும்.

என்ன செய்யலாம்?

துறைமுகத்துக்கு இந்தக் கருவி வேண்டாம் என்பது இங்கே வாதம் இல்லை. வேண்டும். ஆனால் மூன்று நிபந்தனையோடு.

முதலாவது, சின்னப் படகுதான் முதல் கணக்கு. ஒப்பந்தம் போடும்போதே, "எங்கள் துறைமுகத்தில் ஓடும் ஃபைபர் படகை, கட்டுமரத்தை, பயணிகள் படகை, பகலில், இரவில், மழையில் எவ்வளவு தூரத்தில் கண்டுபிடிக்கும்?" என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். மொத்தமாக ஒரு சதவீதம் சொன்னால் ஏற்கக் கூடாது. அங்கே தொழில் செய்யும் மீனவர்களைக் கூப்பிட்டு அவர்கள் படகை வைத்தே சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு எச்சரிக்கையும் ஒரு ஆளிடம் போய் முடிய வேண்டும். எந்த எச்சரிக்கைக்கு யார் பொறுப்பு, அவர் யாரை அழைக்க வேண்டும், எதை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டு என்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். எளிய உதாரணம். நீல்கமலுக்கு அனுமதி 84 பயணிகள், 6 ஊழியர்கள். அன்று அதில் இருந்தது 100க்கும் மேல். மோதலுக்கு அது காரணம் இல்லை. ஆனால் கூடுதலாக ஏறிய ஒவ்வொருவரும் ஆபத்தில் சிக்கிய இன்னோர் உயிர். ஏறும் இடத்தில் கேமரா வைத்துத் தலையை எண்ணுவது, கடலில் படகைத் தேடுவதைவிடப் பல மடங்கு சுலபம். 85வது ஆள் கால் வைத்ததும் படகு கிளம்பக் கூடாது என்று சொல்ல ஜெட்டியில் ஒருவருக்கு அதிகாரம் இருந்தால், அந்தக் கேமராவுக்கு அர்த்தம் உண்டு. அதிகாரம் இல்லையென்றால் அது 85, 86, 87 என்று எண்ணிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, பதிவு இரண்டு பக்கமும் பேச வேண்டும். கப்பல் வழித்தடத்துக்குள் மீனவர் வந்துவிட்டார் என்று அபராதம் போட வீடியோ உதவும் என்றால், கப்பல் வலையை அறுத்துக்கொண்டு போனதை நிரூபிக்கவும் அதே வீடியோ மீனவர் கைக்குக் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் கடலோர மக்கள் அந்தக் கேமராவைப் பார்க்கும் பார்வை வேறு மாதிரி ஆகிவிடும். அதில் அவர்கள் மேல் தப்பும் இருக்காது. துறைமுகம் வருவதற்கு முன்பே அந்தத் தண்ணீரில் தொழில் செய்தவர்கள் அவர்கள்.

"எல்லாப் படகுக்கும் ட்ரான்ஸ்பாண்டர் கொடுத்தால் போதுமே, கேமரா எதற்கு?" என்று ஒரு எதிர்க்கேள்வி வரலாம். நியாயமான கேள்வி. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இலவசமாக ட்ரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய் திட்டத்தை 2024 ஆகஸ்டில் பிரதமர் மகாராஷ்டிராவின் பால்கரில் தொடங்கிவைத்தார். செயற்கைக்கோள் வழியாக இயங்கும் இந்தக் கருவியில் மீனவருக்குச் செய்தி அனுப்பவும் முடியும், அவரிடமிருந்து பெறவும் முடியும். கேமராவிடம் இல்லாத குணம் இது. கேமரா பார்க்கும், ஆனால் பேசாது. ஆனால் கருவி பழுதாகலாம், பேட்டரி தீரலாம், துடுப்புப் போடும் படகில் கருவியே இல்லாமல் இருக்கலாம். எனவே ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. கேமரா கண்டுபிடிக்கட்டும், ட்ரான்ஸ்பாண்டர் படகுக்காரர் மொழியிலேயே போய்ச் சொல்லட்டும். "உங்களை நோக்கி ஒரு கப்பல் வருகிறது, 6 நிமிடத்தில் வந்துவிடும், கிழக்கே விலகுங்கள்" என்று ஒரு மீனவரின் கையில் செய்தி வந்து விழும் நாளில்தான் இந்தத் தொழில்நுட்பம் துறைமுகத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். அதுவரை அது கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும்தான் வந்திருக்கிறது.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு 'கப்பல் கண்டுபிடிப்பான்' மாதிரி ஏதாவது செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் கிடைக்கும் படங்களை இறக்கி, யோலோவில் ஓட்டி, கப்பலைச் சுற்றிப் பச்சைக் கட்டம் வரைவது ஒரு வாரத்து வேலை. மார்க் கிடைத்துவிடும். ஆனால் காசிமேட்டுக்கோ தூத்துக்குடிக்கோ போய், மீனவர்களிடம் கேட்டுவிட்டு, அங்கே இருக்கிற படகுகளை விடியற்காலையிலும் மழையிலும் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரை எழுதிச் சேர்த்தால், அது பல வருடம் பலருக்கு உதவும். அந்தத் தொகுப்பில் ஏழாவது வகையாகக் கட்டுமரத்தையும் சேர்த்துவிடுங்கள்.